பீட் மரவிச்

பீட்டர் பிரெஸ் மரவிச் (ஜூன் 22, 1947 – ஜனவரி 5, 1988) ஓர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். பிஸ்டல் பீட் என்னும் பட்டப்பெயரால் பரவலாக அறியப்பட்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்களில் 83 ஆட்டங்கள் ஆடி 3,667 புள்ளிகள் பெற்றார். சராசரியாக ஆட்டத்திற்கு 44.2 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தாட்டத்தின் முதல் பிரிவில் அதுவரை எவரும் இதை எட்டியதில்லை. எனினும் இம்மூன்று பருவங்களிலும் இவருடைய அணி தேசியக் கல்லூரி வாகையர் போட்டிக்கு (என்.சி.ஏ.ஏ. போட்டி) ஒருமுறை கூடத் தகுதி பெறவில்லை. தனியொருவரின் திறமைக்கும் ஓர் அணிக்கு வேண்டிய அடிப்படைகளுக்கும் உள்ள தொலைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவருடைய கல்லூரிக் காலம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதற்கு இதுவே காரணம்.

பிறப்பும் குடும்பமும்

மரவிச் பென்சில்வேனியா மாநிலத்தின் அலிக்விப்பா என்னும் எஃகு ஆலை நகரில் பிறந்தார். தந்தை பிரெஸ் மரவிச் அமெரிக்காவில் குடியேறிய செர்பிய இனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாகப் பணியாற்றியவர். போருக்குப் பின் பிட்ஸ்பர்க் அயர்ன்மென் அணிக்காகச் சிறிது காலம் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடினார். பின்னர் பயிற்றுனரானார். அவர் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியதால் பீட்டின் இளமைக்காலம் தென் கரோலினாவிலும் வட கரோலினாவிலும் கழிந்தது. தாயின் பெயர் ஹெலன்.

தந்தையின் பயிற்சி

மரவிச்சின் ஆட்டம் இயற்கையாக அமைந்த வரம் என்று பார்வையாளர்கள் பலர் எண்ணினர். உண்மையில் அது ஏழு வயது முதல் நாள்தோறும் பல மணி நேரம் செய்த பயிற்சியின் விளைவு. பிரெஸ் மரவிச் தம் மகனுக்கெனப் பல பயிற்சிகளை வகுத்தார். கால்களுக்கிடையே பந்தை எட்டின் வடிவில் சுழற்றுவது, கால்களுக்கிடையே தரையில் ஓங்கி அடித்து முதுகுப்புறம் பிடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவது, விரல் நுனியில் சுழலவிடுவது ஆகியவை அவற்றுள் சில. பிரெட்செல், ரிக்கோஷே போன்ற வேடிக்கைப் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. தந்தை காரை ஓட்ட, மகன் கதவருகே சாய்ந்து சாலையில் பந்தைத் தட்டியபடி வருவதும் இப்பயிற்சியில் அடக்கம். கார் விரைந்தால் தட்டலும் விரைய வேண்டும். திரையரங்கிற்குச் சென்றால் ஓர இருக்கையில் அமர்ந்து நடைவழியில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். உறங்கும்போதும் பந்து படுக்கையில் இருக்கும்.

சிறுவனாக இருந்தபோது பந்தைத் தலைக்கு மேல் உயர்த்தி எறியும் வலிமை இவருக்கு இல்லை. இடுப்பருகிலிருந்தே எறிந்தார். அது துப்பாக்கியை உறையிலிருந்து உருவுவது போல் தோன்றியதால் பிஸ்டல் என்னும் பெயர் வந்தது.

இங்கு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் (யு.சி.எல்.ஏ.) அணியின் பயிற்றுனர் ஜான் வுடன், பிரெஸ் மரவிச்சின் நண்பர். இருவரும் கோடை முகாம்களில் சேர்ந்து கற்பித்தவர்கள். வுடன் தம் வீரர்களுக்குப் பருவத்தின் முதல் நாளில் காலுறை அணியும் முறையிலிருந்து தொடங்கிக் கற்பித்தவர். அந்தச் சிறுவன் பந்தைக் கொண்டு செய்யும் வித்தைகளைக் கண்டு அவர் வியந்தார். ஆனால் அவற்றைக் கற்கச் செலவான நேரத்தில் தற்காப்புக்குரிய கால் அசைவுகளைக் கற்றிருந்தால் மேலும் நன்றாக இருக்குமே என்று நண்பரிடம் கேட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தம் மகன் பத்து இலட்சம் டாலர் பெறும் முதல் கூடைப்பந்து வீரனாக வருவான் என்பதே பிரெஸ் அளித்த விடை. பின்னாளில் கேள்வி, விடை இரண்டுமே சரியென்று ஆயின.

கல்லூரித் தேர்வு

பிரெஸ் மரவிச் 1965இல் வட கரோலினா மாநில அணியை அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் வாகையராக்கினார். மகன் தம்மிடமே ஆட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால் அக்கூட்டமைப்பு விளையாட்டு வீரர்களிடம் நுழைவுத் தேர்வில் 800 மதிப்பெண்ணைக் கோரியது. பீட் அதை எட்டவில்லை. எட்வர்ட்ஸ் இராணுவப் பள்ளியில் கூடுதலாக ஓராண்டு கழிக்க நேர்ந்தது. 1966இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பிரெஸ்ஸைப் பயிற்றுனராக அழைத்தது. மகனும் உடன் வருவது ஏற்பாட்டின் ஒரு பகுதி. பீட் மேற்கு வர்ஜீனியாவில் ஆடவே விரும்பியிருந்தார். தந்தையின் கண்டிப்புக்குப் பணிந்து பேட்டன் ரூஜ் நகருக்கு வந்தார்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்

பேட்டன் ரூஜ் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் ஊர். கூடைப்பந்து அணி ஆடிய இடம் வேளாண் அரங்கு என்னும் பெயர் கொண்டது. கால்நடைக் கண்காட்சிகளும் அங்கேயே நடந்தன. அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட என்.சி.ஏ.ஏ. விதிகள் இடம் தரவில்லை (இவ்விதி 1972இல் நீக்கப்பட்டது). எனவே 1966–67 பருவத்தில் மரவிச் முதலாண்டு மாணவர் அணியில் ஆடினார். சராசரி 43.6 புள்ளிகள். அவ்வணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. அதே பருவத்தில் பிரெஸ்ஸின் முதன்மை அணி 3 வெற்றிகளும் 23 தோல்விகளும் கண்டது. முதலாண்டு அணியின் ஆட்டத்திற்குக் கூட்டம் நிறையும். அது முடிந்து முதன்மை அணி களமிறங்கும்போது அரங்கு காலியாகிவிடும்.

1967 டிசம்பரில் முதன்மை அணியில் தம் முதல் ஆட்டத்தை டாம்பா அணிக்கு எதிராக ஆடி 48 புள்ளிகள் எடுத்தார். அதன்பின் மூன்று பருவங்களின் சராசரி முறையே 43.8, 44.2, 44.5. ஐம்பதுக்கும் குறையாத புள்ளிகள் எடுத்த ஆட்டங்கள் 28. மூன்று பருவங்களிலும் நாட்டிலேயே முதலிடம் இவருக்கே. மூன்று புள்ளிக் கோடு அப்போது கல்லூரி ஆட்டத்தில் இல்லை. அது நாடு முழுவதும் வந்தது 1986இல்தான். எனவே தொலைவிலிருந்து இவர் எறிந்து வீழ்த்தியவை எல்லாம் இரண்டிரண்டு புள்ளிகளாகவே கணக்கிடப்பட்டன. தொய்ந்து விழும் சாம்பல் நிறக் காலுறைகளும் நெற்றியில் புரளும் முடியும் இவருடைய அடையாளங்களாயின. சிறுவர்கள் நாடெங்கும் அந்தக் காலுறைகளைப் பின்பற்றினர்.

அணியின் கணக்கு வேறு. 1967–68 பருவத்தில் 14 வெற்றி, 12 தோல்வி. 1968–69 பருவத்தில் 13 வெற்றி, 13 தோல்வி. முந்தைய மூன்று வெற்றிகளோடு ஒப்பிட்டால் இது பெரும் ஏற்றம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஆட்டத்திற்கு 44 புள்ளிகள் தரும் ஒருவரை வைத்துக்கொண்டு சரிபாதி ஆட்டங்களில் தோற்ற அணி வேறொன்றைக் காண்பது அரிது.

இதற்கான காரணங்களுள் முதலாவது, தாக்குதல் முழுவதும் ஒருவர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. மூன்று பருவங்களில் மரவிச் கூடையை நோக்கி 3,166 முறை எறிந்தார். 1,387 முறை பந்து கூடைக்குள் விழுந்தது. அதாவது ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 38 எறிதல்கள். ஓர் அணி முழுவதும் ஓர் ஆட்டத்தில் எடுக்கும் எறிதல்களில் பாதியை இது நெருங்குகிறது. இது அவருடைய தன்னலத்தால் நேர்ந்தது என்பது பொருந்தாது. எறிய வேண்டும் என்பது பயிற்றுனரின் திட்டமே. சக வீரர்களுக்குப் பந்தை வழங்குவதில் மரவிச் மிகுந்த விருப்பம் கொண்டவர். ஆனால் முதுகுப்புறமாகவும் எதிர்த்திசையைப் பார்த்தபடியும் வரும் பந்துக்கு ஆயத்தமாக இருக்கச் சக வீரர்கள் கற்றிருக்கவில்லை. பல பந்துகள் அவர்களுடைய கைகளில் பட்டுத் தெறித்தன. சில முகத்தில் பட்டன. ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற வித்தைக்கு மற்ற நால்வரும் ஓரிரு பருவங்களில் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் தற்காப்பு. எதிரணியினரைத் தடுப்பதில் அணி மிகவும் பின்தங்கியிருந்தது. மரவிச்சும் அதில் விதிவிலக்கல்ல. 1970 பிப்ரவரி 7 அன்று அலபாமா அணிக்கு எதிராக 57 எறிதல்களில் 26ஐயும், ஃப்ரீ த்ரோ எனப்படும் தடையற்ற எறிதல்களில் 17ஐயும் கூடைக்குள் செலுத்தி 69 புள்ளிகள் எடுத்தார். இது அவருடைய கல்லூரி வாழ்வின் உச்சம். அந்த ஆட்டத்தில் லூசியானா 104–106 என்ற கணக்கில் தோற்றது.

கென்டக்கி அணியுடனான ஆட்டங்கள் இன்னும் தெளிவான சான்று. அடால்ஃப் ரப் என்னும் புகழ்பெற்ற பயிற்றுனரின் கீழ் ஆடிய அவ்வணி, தென்கிழக்குக் கூட்டமைப்பில் நெடுங்காலம் கோலோச்சியது. மரவிச்சைத் தடுக்க முயன்று மற்றவர்களுக்கு வழிவிடுவதைக் காட்டிலும், அவரை எறியவிட்டு மற்ற நால்வரையும் அடக்குவதே மேல் என்று ரப் கருதினார். மூன்று ஆண்டுகளில் ஆறு ஆட்டங்கள். மரவிச் எடுத்த புள்ளிகள் 52, 44, 52, 45, 55, 64, சராசரி 52. ஆறிலும் வென்றது கென்டக்கியே. 64 புள்ளிகள் எடுத்த நாளில் கென்டக்கியின் நடுநிலை ஆட்டக்காரர் டான் இசல் 51 புள்ளிகள் எடுத்தார், முடிவு 121–105. டென்னசி அணியின் பயிற்றுனர் ரே மியர்ஸ் இதற்கு நேர் எதிரான வழியைக் கையாண்டு, ஆட்டத்தை மெதுவாக்கி, மரவிச்சைச் சுற்றி வளைத்துத் தடுத்தார். அவ்வணிக்கு எதிராக இவருடைய புள்ளிகள் வழக்கமான சராசரியைவிட மிகவும் குறைந்தன.

1969 டிசம்பரில் லூசியானா அணி லாஸ் ஏஞ்சலஸ் சென்று ஜான் வுடனின் யு.சி.எல்.ஏ. அணியைச் சந்தித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் பெரு நட்சத்திரமான லியூ அல்சின்டர் (பின்னர் கரீம் அப்துல்-ஜப்பார்) படிப்பை முடித்து வெளியேறியிருந்தார். ஆனாலும் யு.சி.எல்.ஏ. 133–84 என்ற கணக்கில் வென்றது. மரவிச் 38 புள்ளிகள் எடுத்தார். அப்பருவத்தின் இறுதியில் யு.சி.எல்.ஏ. மீண்டும் தேசிய வாகை சூடியது. முகாமில் நண்பர்கள் இருவரும் பேசிய செய்திக்கு ஆடுகளம் அளித்த விடையாக இந்த ஆட்டத்தைக் கொள்ளலாம்.

எனினும் தோல்விகள் அனைத்தையும் அடிப்படைக் குறைவு என்ற ஒன்றில் அடக்குவது முறையன்று. அப்போது தென்கிழக்குக் கூட்டமைப்பு பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே உரியதாக இருந்தது. அக்கூட்டமைப்பில் ஆடிய முதல் கறுப்பின வீரர் பெர்ரி வாலஸ், வாண்டர்பில்ட் அணியில் 1967இல்தான் களமிறங்கினார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் முதல் கறுப்பின வீரராகக் காலிஸ் டெம்பிள் 1971இல் சேர்ந்தார். மரவிச்சின் காலத்தில் அவ்வணி தன் மாநிலத்திலேயே இருந்த ஏராளமான திறமையாளர்களுக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது.

1969–70 பருவம்

கடைசிப் பருவமே அணிக்குச் சிறந்த பருவம். 1970 ஜனவரி 31 அன்று மிசிசிப்பி அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஆஸ்கார் ராபர்ட்சன் வைத்திருந்த 2,973 புள்ளிகள் என்னும் சாதனையை மரவிச் கடந்தார். அப்பருவத்தில் மட்டும் 1,381 புள்ளிகள் எடுத்தார். அணி 22 வெற்றி, 10 தோல்வியுடன் கூட்டமைப்பில் கென்டக்கிக்கு அடுத்த இடம் பெற்றது. அக்காலத்தில் ஒரு கூட்டமைப்பிலிருந்து வாகையர் அணி மட்டுமே என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆட முடியும். போட்டியில் மொத்தம் 25 அணிகளே இடம்பெற்றன. பிற்கால விதிகள் இருந்திருந்தால் இவ்வணியும் அதில் ஆடியிருக்கக்கூடும்.

அதற்கு மாற்றாக நியூ யார்க் நகரின் என்.ஐ.டி. போட்டிக்கு அழைப்பு வந்தது. ஜார்ஜ்டவுனை 83–82 என்றும், ஓக்லஹோமாவை 97–94 என்றும் வென்ற அணி, அரையிறுதியில் அல் மெக்வயரின் மார்க்கெட் அணியிடம் 79–101 எனத் தோற்றது. மரவிச் அதில் எடுத்தவை 20 புள்ளிகளே. காயம் காரணமாக மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. இளம் பயிற்றுனர் பாப் நைட்டின் இராணுவக் கல்லூரி அணி அதில் வென்றது. மூன்று பருவங்களின் மொத்தக் கணக்கு 49 வெற்றி, 35 தோல்வி.

மகன் சென்றபின் தந்தையின் அணி மீண்டும் சரிந்தது. 1972இல் பிரெஸ் மரவிச் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

தொழில்முறை ஆட்டம்

1970 வீரர் தேர்வில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி மூன்றாவதாக இவரைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தம் ஏறத்தாழ 19 இலட்சம் டாலர். தந்தை சொன்னது நடந்தது. ஆனால் பல ஆண்டுகளாக ஆடிவந்த மூத்த வீரர்கள் இதைவிட மிகக் குறைவாகப் பெற்றுவந்ததால் அணியில் மனக்கசப்பு நிலவியது. 1972–73 பருவத்தில் மரவிச்சும் லூ ஹட்சனும் தலா 2,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்தனர். அணி 46 ஆட்டங்களில் வென்றும் இறுதிச்சுற்றுகளில் முன்னேறவில்லை.

1974இல் புதிதாகத் தோன்றிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, இரு வீரர்களையும் பல தேர்வு உரிமைகளையும் கொடுத்து இவரைப் பெற்றது. இது வீரருக்குப் புகழையும் அணிக்கு வறுமையையும் தந்த பேரம். அதே ஆண்டில் இவருடைய தாய் தற்கொலை செய்துகொண்டார். மரவிச் நெடுங்காலம் மதுப்பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் துன்புற்றார். ஆடுகளத்திலோ அவருடைய சிறந்த ஆண்டுகள் இவையே. 1976–77 பருவத்தில் ஆட்டத்திற்கு 31.1 புள்ளிகளுடன் என்.பி.ஏ.வில் முதலிடம் பெற்றார். 1977 பிப்ரவரி 25 அன்று நியூ யார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 68 புள்ளிகள் எடுத்தார். ஆனால் நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஐந்து பருவங்களில் ஜாஸ் அணி இறுதிச்சுற்றுகளுக்கு ஒருமுறையும் தகுதி பெறவில்லை.

1978 ஜனவரி 31 அன்று பஃபலோ அணியுடனான ஆட்டத்தில், பாய்ந்தபடியே கால்களுக்கிடையே நெடுந்தொலைவுக்குப் பந்தை எறிந்துவிட்டுத் தரையிறங்கியபோது முழங்கால் மடங்கியது. அதன்பின் பழைய வேகம் திரும்பவில்லை. 1980 ஜனவரியில் ஜாஸ் அணி விடுவிக்க, லாரி பேர்டின் முதல் பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்தார். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு அறிமுகமானது அப்பருவத்தில்தான். அதற்கு அப்பாலிருந்து 15 முறை எறிந்து 10 முறை வெற்றி பெற்றார். அடுத்த பருவம் தொடங்கும் முன் ஓய்வு பெற்றார். அப்பருவத்தில் செல்டிக்ஸ் வாகை சூடியது. என்.பி.ஏ.வில் 658 ஆட்டங்களில் 15,948 புள்ளிகள் (சராசரி 24.2) எடுத்தார், ஐந்துமுறை அனைத்து நட்சத்திர அணிக்குத் தேர்வானார்.

பிற்கால வாழ்வும் மறைவும்

ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கியிருந்தார். யோகம், மரக்கறி உணவு எனப் பலவற்றில் அமைதி தேடி, 1982இல் கிறித்தவ நம்பிக்கையில் ஆழ்ந்தார். மனைவி ஜாக்கி, இரண்டு மகன்கள். 1987 ஏப்ரலில் தந்தை புற்றுநோயால் இறந்தார். இறுதி மாதங்களில் அவரைக் கவனித்துக்கொண்டவர் பீட். அதே ஆண்டு கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். தந்தையிடம் பயின்ற பயிற்சிகளைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் ஒளிப்படத் தொடர் ஒன்றையும் அவ்வாண்டு வெளியிட்டார். அதில் அவர் காட்டும் வித்தைகள் ஒவ்வொன்றும் மிக எளிய அசைவு ஒன்றில் தொடங்குவதைக் காணலாம். ஆனால் அவை பெரும்பாலும் பந்தும் ஒருவரும் மட்டுமே போதுமான பயிற்சிகள்.

1988 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், தேவாலயம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர்களுடன் ஆடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து இறந்தார். அகவை 40. இதயத்திற்கு இடப்பக்கக் குருதி வழங்கும் தமனி இவருக்குப் பிறவியிலேயே இல்லை என்பதும், வலப்பக்கத் தமனி பெரிதாகி இரண்டின் வேலையையும் செய்துவந்தது என்பதும் உடற்கூறு ஆய்வில் தெரியவந்தன. இத்தகைய இதயத்துடன் ஒருவர் பத்தாண்டுகள் தொழில்முறையாக ஆடியது மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. பத்தாண்டுகள் ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பால் சாக விரும்பவில்லை என்று 1974இல் ஒரு செய்தியாளரிடம் அவர் கூறியிருந்தார்.

நினைவுகள்

பேட்டன் ரூஜில் 1972இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக அரங்கிற்கு 1988இல் இவருடைய பெயர் சூட்டப்பட்டது. இவர் அந்த அரங்கில் கல்லூரி வீரராக ஆடியதில்லை. அவ்வரங்கின் வெளியே 2022இல் சிலை நிறுவப்பட்டது. 1996இல் என்.பி.ஏ. வெளியிட்ட 50 பெரும் வீரர்களின் பட்டியலில் அப்போது உயிருடன் இல்லாதவர் இவர் ஒருவரே.

2024 மார்ச்சில் அயோவா பல்கலைக்கழக வீராங்கனை கேட்லின் கிளார்க் 3,667 புள்ளிகளைக் கடந்து, 3,951 புள்ளிகளுடன் கல்லூரி ஆட்டத்தை நிறைவு செய்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 2023இல், டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழக வீரர் அன்டோன் டேவிஸ் ஆடவர் சாதனையை நெருங்கினார். அவருக்கும் தந்தையே பயிற்றுனர். ஐந்து பருவங்களில் 144 ஆட்டங்கள் ஆடிய டேவிஸ் 3,664 புள்ளிகளுடன் நின்றார். அவருடைய அணியும் என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆடியதில்லை.